தலைமையில்லா வலையில் காவல்

வசைச் செய்தி ஒன்று நம்மைத் தாக்குகிறது. அதனை நீக்குமாறு யாரிடம் முறையிடுவது? ஃபேஸ்புக் போன்ற தளங்களில் கணிப்பொறிகள் யாவும் ஒரே நிறுவனத்தின் கையில் உள்ளன. அந்நிறுவனம் மனம் வைத்தால் ஒரு செய்தியை உலகெங்கும் உடனே மறைத்துவிடலாம். மாஸ்டடான், மேட்ரிக்ஸ் போன்ற பரவல் வலைகளிலோ அத்தகைய தலைமை கிடையாது. அங்கே காவல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரவல் வலையின் அமைப்பை அறிய மின்னஞ்சலை நினைத்தாற் போதும். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு எழுதலாம். இரண்டிற்கும் பொதுவான முதலாளி இல்லை. அவ்வாறே இங்கும் தனி மனிதரோ சிறு குழுவினரோ தத்தம் சர்வரை நடத்துகின்றனர். சர்வர்கள் தமக்குள் செய்தியைப் பரிமாறிக்கொள்கின்றன. மாஸ்டடானை 2016இல் ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ என்னும் இளைஞர் வெளியிட்டார். 2019 நவம்பரில், அந்நாளைய ட்விட்டரின் கணக்கு முடக்கங்களை எதிர்த்து, நம் நாட்டினர் பலர் இவ்வலைக்குக் குடிபெயர்ந்ததும் உண்டு.

இங்கே காவலரின் கையிலுள்ள கருவிகள் மூன்று. முதலாவது, தம் சர்வரின் உறுப்பினர் தவறிழைத்தால் அவர் கணக்கை நீக்குதல். இரண்டாவது, அயல் சர்வரின் செய்திகளைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து, விரும்பிப் பின்தொடர்வோருக்கு மட்டும் காட்டுதல். மூன்றாவது, அயல் சர்வருடன் தொடர்பை அடியோடு அறுத்தல்.

மூன்றாவது கருவியின் வலிமைக்கு ஒரு சான்று காண்போம். அமெரிக்காவில் 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரின் யூதர் ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், அதற்குச் சற்று முன்பு கேப் என்னும் தளத்தில் யூதர்மீது வெறுப்பை உமிழ்ந்திருந்தான். அந்தக் கேப், 2019 ஜூலையில் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறிற்று. மென்பொருள் கட்டற்றது, ஆகவே அதைப் பயன்படுத்தலாகாதென ரோச்கோவால் தடுக்க இயலவில்லை. ஆயினும் சர்வர் நடத்துவோர் பலர் கேப்பின் தொடர்பைத் துண்டித்தனர். கைபேசிச் செயலி செய்வோர் சிலரும் தம் செயலி வழியே கேப்பில் நுழைவதைத் தடுத்தனர். கேப் அழிந்துவிடவில்லை. ஆனால் விலக்கிய சர்வர்களின் உறுப்பினரை அதன் வசை எட்டவில்லை. பேசுபவனின் வாயை அடைக்க இவ்வலையில் எவராலும் இயலாது. அவன் பேச்சைச் சுமக்க மறுக்க ஒவ்வொருவராலும் இயலும். இதுவே இங்குள்ள காவலின் அடிப்படை.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. ஒரு சர்வரை விலக்கினால் அதிலுள்ள நல்லோரும் சேர்ந்தே விலக்கப்படுகின்றனர். மேட்ரிக்ஸில் ஓர் அறையின் உரையாடல், அதில் பங்குகொள்ளும் சர்வர்தோறும் படியெடுக்கப்படுகிறது. ஒரு செய்தியை நீக்கக் கட்டளை பிறந்தாலும், நெறி பிறழ்ந்த சர்வர் தன் படியை அழியாமல் வைத்துக்கொள்ளக்கூடும். மேலும், மறையாக்கம் செய்த அறையில் சர்வரை நடத்துபவராலும் செய்தியைப் படிக்க இயலாது. வசைக்கு ஆளானவரோ உடனிருப்பவரோ எடுத்துக் காட்டினாலன்றிக் காவலர் அதனை அறிய வழியில்லை.

ஆகவே பொறுப்பு இரு சாராரிடமும் தங்குகிறது. 2019இல் மாஸ்டடான், தன் பட்டியலில் இடம்பெற விழையும் சர்வர்களுக்கு நான்கு நிபந்தனைகளை விதித்தது: இனவெறி, பெண்ணிழிவு முதலியவற்றை முனைந்து கண்காணித்தல், நாள்தோறும் காப்புப்படி எடுத்தல், அவசரத்திற்கு இன்னொருவரிடமும் திறவுகோல் இருத்தல், மூடுவதாயின் மூன்று மாதம் முன்னறிவித்தல். காவல் என்பது வசையை நீக்குவதுடன் முடிவதன்று, உறுப்பினரைக் கைவிடாமையும் அதில் அடங்கும் என்பதை இவை உணர்த்துகின்றன.

மாணவ நண்பர்கள் இத்தகைய வலையில் சேருமுன், அச்சர்வரை நடத்துபவர் யார், அதன் விதிகள் யாவை, முறையீட்டைக் கேட்க ஆள் உண்டா என்று பார்த்தல் வேண்டும். சேர்ந்தபின், பிறர்மீது வசை வீழ்வதைக் கண்டால் தமக்கென்ன என்று கடந்து செல்லாமல் காவலருக்கு அறிவித்தல் வேண்டும். தலைமையில்லா ஊரில் அண்டை வீட்டாரின் கண்ணே காவல்.