மன்னரும் குடிகளும்

இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் 1936 டிசம்பரில் அரியணை ஏறினார். இந்தியாவின் பேரரசராகவும் விளங்கினார். இளமை முதல் தமக்கிருந்த திக்குவாயை இடைவிடாப் பயிற்சியால் அடக்கி, வானொலியில் மக்களுக்கு உரையாற்றினார். இரண்டாம் உலகப்போரில், 1940ஆம் ஆண்டு அவரது இலண்டன் அரண்மனைமீது குண்டுகள் விழுந்தன. ஆயினும் அவர் நாட்டைவிட்டு நீங்கவில்லை. இடிந்த தெருக்களுக்குச் சென்று மக்களுக்கு ஆறுதல் கூறினார்.

அவர் உருவம் பொறித்த நாணயங்கள் நம் கொல்கத்தாவிலும் அச்சிடப்பட்டன. 1942 டிசம்பரில் இந்நகர்மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மறு ஆண்டு வங்காளத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அரிசி விலை பன்மடங்கு உயர்ந்தது. சிற்றூர்களிலிருந்து உணவு தேடி வந்தோர் இந்நகரத் தெருக்களில் மடிந்தனர். பஞ்சத்தாலும் நோயாலும் மாண்டோர் ஏறத்தாழ 30 இலட்சம் என மதிப்பிடுவர். இவர்களும் அம்மன்னரின் குடிகளே. ஆனால், பேரரசராக இருந்த காலத்தில் அவர் ஒருமுறையேனும் இந்தியாவிற்கு வந்ததில்லை. குடியோம்பல் அருகில் உள்ளோர்க்கு மட்டும் உரியதன்று.

சொற்பொருள்
அரியணை – சிம்மாசனம்
மடிந்தனர் – இறந்தனர்
குடியோம்பல் – மக்களைக் காத்தல்

வினாக்கள்
1. போர்க்காலத்தில் மன்னர் இலண்டன் மக்களுக்கு எவ்வாறு துணைநின்றார்?
2. 1942, 1943ஆம் ஆண்டுகளில் கொல்கத்தா அடைந்த துன்பங்கள் யாவை?
3. மன்னர் பெயரால் அமைச்சரவையே ஆண்டது. எனில், பஞ்சத்திற்கு யார் பொறுப்பு? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.