டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது?

சரக்கு எடுக்கவும், வாடிக்கையாளர் வீட்டுக்கு மளிகை கொண்டுபோய்க் கொடுக்கவும் இருசக்கர வண்டி வைத்திராத கடைக்காரர் இன்று நம்மில் அபூர்வம். சேலம் லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரர்கள் பருப்பு மூட்டையை முன்னால் வைத்து, எண்ணெய் டின்னைப் பின்னால் கட்டிக்கொண்டு ராசிபுரம், ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம் என்று கிளம்புகிறார்கள். வண்டி நடுவழியில் நின்றால் அன்றைய வியாபாரமும் நின்றது. ஆகவே, "டைமிங் பெல்ட்டை எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?" என்று நம் உறுப்பினர்கள் கேட்பது நியாயமே.

ஆனால் நம் ஊர்ச் சாலைகளில் சாதாரணமாக ஓடும் மோட்டார் சைக்கிள்களில் டைமிங் பெல்ட்டே கிடையாது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் இணைத்து வைப்பதுதான் 'டைமிங்' என்பது. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் இந்த வேலையைச் செய்வது எஞ்சினுக்குள் ஆயிலில் ஓடும் சிறு இரும்புச் சங்கிலி. மெக்கானிக்குகள் அதை டைமிங் செயின் என்பார்கள். பழைய புல்லட்டில் பல்சக்கரம் உண்டு. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கேம் ஷாஃப்டும் இல்லை, வால்வு டைமிங்கும் இல்லை. எஞ்சினில் ரப்பர் டைமிங் பெல்ட் வைத்தவை இத்தாலியின் டுகாட்டி, 1975-இல் வந்த ஹோண்டா கோல்டு விங் போன்ற பெரிய வண்டிகள். கோல்டு விங்கும் 2001 மாடலில் செயினுக்கு மாறிவிட்டது.

எனவே ஸ்பிளெண்டருக்கோ புல்லட்டுக்கோ 'டைமிங் பெல்ட் மாற்றியது' என்று யாராவது பில் போட்டால், பணம் கொடுக்குமுன் கழற்றிய பழைய பொருளைக் காட்டச் சொல்லுங்கள். எடை போட்டுக் காட்டாமல் நாம் சரக்கு விற்பதில்லையே!

டைமிங் செயினுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கண்டிப்பான கெடு கிடையாது. அது சத்தத்தால் சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கவாட்டில் சங்கிலி உரசுவதுபோல் சத்தம் வந்து, சூடானபின்னும் அடங்கவில்லை என்றால் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். டேப்பட் சத்தத்தையும் இதையும் குழப்பிக்கொள்பவர் உண்டு. முதலில் டேப்பட்டைச் சரிசெய்து பார்ப்பது செலவு குறைந்த வழி. செயின் சீக்கிரம் தேய முக்கியக் காரணம் ஆயில் குறைவதும், கருத்த ஆயிலையே மாதக்கணக்கில் ஓட்டுவதும். ஒரு லிட்டர் ஆயிலில் மிச்சம் பிடிக்கப்போய், செயினும் பல்சக்கரமும் கைடும் சேர்த்து வாங்க நேரிடும்.

உண்மையில் பெல்ட் உள்ளது ஸ்கூட்டரில். கியர் இல்லாத ஆக்டிவா, ஆக்சஸ், ஜூபிடர் முதலியவற்றில் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோவது ஒரு தடித்த ரப்பர் பெல்ட். டைமிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம்மவர்களில் பலர் டைமிங் பெல்ட் என்று சொல்வது இதைத்தான். இது அறுந்தால் எஞ்சின் ஓடும், சக்கரம் சுற்றாது. மூட்டையோடு தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இதை மாற்ற 20,000 முதல் 24,000 கிலோமீட்டர் என்பது பல ஸ்கூட்டர்களுக்குப் பொதுவான கணக்கு. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே முடிவு. தினம் 40 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 12,000 ஆகிறது. அதாவது இரண்டு ஆண்டில் பெல்ட் முடிந்தது. 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை ஏற்றி, நிறுத்தி நிறுத்தி ஓட்டும் கடை வண்டிக்கு அந்தக் கெடு வரை காத்திருப்பது கூடாது என்பது நம் அபிப்பிராயம். பாதித் தூரத்தில் ஒரு தடவை கவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டை வளைத்துப் பார்த்தால் பல்லடியில் வெடிப்பு தெரியும். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, ஆயில் பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அகலத்தை அளந்து, கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட வேண்டும். கூடவே உள்ளே உள்ள ரோலர்களையும் பார்த்துவிடலாம். கிளம்பும்போது உதறல், எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாமை, ரப்பர் கருகும் வாடை இவை தெரிந்தால் கிலோமீட்டர் கணக்கே வேண்டாம்.

மீட்டர் கேபிள் அறுந்து, முள் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிகள் நம்மிடம் நிறைய! அவர்கள் பெட்ரோல் செலவைக் கொண்டு கணக்குப் போடலாம். மாதம் 25 லிட்டர், லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்றால் மாதம் 1,000. பெல்ட் மாற்றிய தேதியைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். மின்சார ஸ்கூட்டர் என்றால் பெல்ட் இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். ஏதர் 450-இல் பின்சக்கரத்தைச் சுற்றுவது பல் வைத்த பெல்ட்தான்.

அசல் டைமிங் பெல்ட் உள்ள வண்டி ஒன்று நம் கடை வாசல்களில் இன்னும் நிற்கிறது. அது மாருதி ஆம்னி. 2019-இல் தயாரிப்பு நின்றுவிட்டாலும் சரக்கு வண்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெல்ட் செயினைப்போல் சத்தம் போட்டு எச்சரிப்பதில்லை. ஓடும்போதே அறுந்து எஞ்சின் நின்றுவிடும். சில ரக எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்து, ஹெட்டைப் பிரிக்கும் செலவும் சேரும். எனவே இதைக் கையேட்டுக் கணக்குப்படி, நன்றாகத் தோன்றினாலும் மாற்றிவிட வேண்டும். ரப்பர் என்பதால் ஓடாமல் நின்ற வண்டியிலும் அது வயதாகிக் கெடும். பழைய ஆம்னி வாங்குகிறவர்கள், பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுவது நல்லது.

இந்தச் சோதனைகளுக்கு நமக்குத் தோதான காலம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். எப்படியும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கப்போகிறோம். பூஜை முடிந்து சுமார் மூன்று வாரத்தில் தீபாவளி வந்துவிடும் என்பதால் சரக்கு ஏறத் தொடங்கிவிடும். அப்போது ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட ஒரு நாள்கூட ஒதுக்க முடியாது.