பட்டியலும் ஞாயிற்றுக்கிழமையும்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பொன் எடுக்கப்பட்டது. சுரங்கப் பணிக்காக வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பலர் வந்து குடியேறினர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவர்கள் குடும்பத்தார் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்கின்றனர். இரவில்தான் வீடு திரும்புவர்.

ஆகவே, பள்ளி திறக்கும் பருவத்தில் பிள்ளைகளுக்குப் பொருள் வாங்க அவர்களுக்கு ஞாயிறு ஒன்றே வாய்க்கிறது. அன்று இராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் கால் வைக்க இடமிராது. பட்டியல் கேட்பது கோடிட்ட குறிப்பேடு. கடையில் எஞ்சியிருப்பதோ கோடிடாதது. அண்ணனுக்கு வடிவியல் பெட்டி கிடைத்தால், தங்கைக்குக் காலணி அளவு பொருந்தாது. அட்டை போடும் பழுப்புத் தாளுக்கு மூன்றாவது கடை ஏறவேண்டும். அலைச்சலையாவது பொறுத்துக்கொள்ளலாம், பட்டியலின் பாதியிலேயே கைப்பணம் தீர்ந்துவிடுகிறதே!

அப்போது தாய் சென்ற ஆண்டுக் குறிப்பேடுகளை எடுப்பாள். எழுதாத தாள்களைப் பிரித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்துப் புதிய ஏடாக்குவாள். அதன்மேல் பெயர் எழுதுவது மட்டும் பிள்ளையின் வேலை.

பேசுக: கடையில் கிடைக்காத பொருளை உங்கள் வீட்டில் எவ்வாறு ஈடுசெய்தனர்?