உலாவியின் பழைய நகலும் நமது பொறுப்பும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணினி அறிவியல்) மாணவன்

கைப்பேசியில் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது, அதன் ஒவ்வொரு பகுதியும் எங்கோ தொலைவிலுள்ள சர்வரிலிருந்து அந்தக் கணமே வந்து சேர்கிறது என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. ஒருமுறை வந்த படங்களையும் கோப்புகளையும் உலாவி தன்னிடமே நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கேட்டால் அந்த நகலையே எடுத்துக் கொடுக்கிறது. இந்தச் சேமிப்புக்குக் 'கேஷ்' என்று பெயர். இதை அறியாமல் நான் செய்த ஒரு பிழையையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் சக மாணவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

எங்கள் துறைக்கென ஒரு சிறு இணையதளத்தை நாங்கள் மூன்று மாணவர்கள் சேர்ந்து உருவாக்கினோம். தேர்வுத் தேதிகளை மட்டும் ஒரு தனிக் கோப்பில் எழுதி, 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி ஏற்றி வைத்தோம். மாதிரிச் செய்முறைத் தேர்வு அக்டோபர் 15 என்று அதில் இருந்தது. பின்னர் தேர்வு 14-ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. அக்டோபர் 12 அன்று நான் கோப்பைத் திருத்தினேன். என் கணினியில் புதிய தேதி சரியாகத் தெரிந்தது. கடமை முடிந்ததென்று மகிழ்ந்தேன்.

ஆனால் இரண்டு பேருந்து மாறி வரும் என் வகுப்புத் தோழன் ஒருவன் 15-ஆம் தேதி காலையில் ரெக்கார்டு நோட்டுடன் வந்து நின்றான். "முந்தாநாள் ராத்திரிகூடப் பார்த்தேனே, 15-ன்னுதான் இருந்தது" என்றான். "கேஷைக் கிளியர் செய்திருக்க வேண்டும்" என்று நான் அவன்மேலேயே குறை சொன்னேன். "அப்படி என்றால் என்ன?" என்று கேட்டான். என்னிடம் சரியான விடை இல்லை. பேராசிரியர் பெருந்தன்மையோடு அவனுக்கு வேறொரு நாள் ஒதுக்கினார். எனினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கேஷ் வந்த கதை

கணினியியலில் இக்கருத்து பழையது. பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய, விரைவான நினைவகம் ஒன்றை வைக்கலாம் என்று 1965-இல் மாரிஸ் வில்க்ஸ் என்னும் அறிஞர் எழுதினார். 1968-இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் அத்தகைய நினைவகம் இடம்பெற்றது. மறைத்து வைக்கும் இடம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே 'கேஷ்'. இணையத்தில் நகல்களை ஆளும் 'கேஷ்-கன்ட்ரோல்' என்னும் கட்டளை, 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிமுறையில் இடம்பெற்றது. 2022 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி. 9111 என்னும் ஆவணம் இவ்விதிகளைத் தொகுத்துத் தருகிறது.

பிழை எங்கே?

ஒரு நகல் எத்தனை நாள் செல்லும் என்பதை இணையதளம் அமைப்பவர் சொல்ல வேண்டும். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் உலாவி தானே ஊகித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டு எத்தனை நாள் ஆயிற்றோ, அதில் பத்தில் ஒரு பங்குக் காலத்துக்கு நகலை நம்பலாம் என்பது வழக்கமான கணக்கு. நீண்ட நாள் மாறாத கோப்பு இனியும் சில நாள் மாறாது என்பதே இதன் அடிப்படை.

என் தோழன் அக்டோபர் 11 அன்று அப்பக்கத்தைத் திறந்திருக்கிறான். கோப்புக்கு அன்று வயது 40 நாள். பத்தில் ஒரு பங்கு 4 நாள். ஆகவே 15-ஆம் தேதி வரை அவனது கைப்பேசி சர்வரைக் கேட்காமலேயே பழைய நகலைக் காட்டியிருக்கிறது. பக்கத்தைப் புதுப்பித்தாலும், சில உலாவிகள் முதன்மைப் பக்கத்தை மட்டுமே சர்வரிடம் கேட்டு, இணைப்புக் கோப்புகளை நகலிலிருந்தே எடுக்கும்.

என் கணினியில் மட்டும் புதிய தேதி தெரிந்தது எப்படி? நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் கருவிப் பலகையில் 'டிஸேபிள் கேஷ்' என்ற கட்டத்தை நான் முன்பே டிக் செய்து வைத்திருந்தேன். பலகை திறந்திருக்கும் வரை எனக்கு நகலே கிடையாது. மற்றவர்கள் பார்ப்பதை நான் பார்க்கவே இல்லை.

தீர்வு

அப்படியானால் கேஷையே ஒழித்துவிடலாமா? கூடாது. குறைந்த டேட்டாவை வைத்து நாளை ஓட்டும் மாணவனுக்கு, ஒரே படத்தைப் பத்து முறை இறக்காமல் காப்பது அதுவே. கோப்பின் தன்மையறிந்து கட்டளையிடுவதுதான் முறை.

1. முதன்மைப் பக்கத்துக்கு 'நோ-கேஷ்'. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். நகல் வைக்காதே என்பது இதன் பொருளன்று. வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டபின் காட்டு என்பதே பொருள். சர்வர் ஒவ்வொரு பதிப்புக்கும் 'ஈடேக்' என்னும் அடையாளத்தைத் தரலாம். உலாவி அதைக் காட்டி, "மாறியதா?" என்று கேட்கும். மாறவில்லையெனில் '304' என்ற சிறு பதில் வரும். கோப்பு மீண்டும் வராது.

2. இணைப்புக் கோப்புகளுக்குப் பதிப்புப் பெயர். 'அட்டவணை-1' என்ற கோப்பைத் திருத்தினால் 'அட்டவணை-2' என்று புதுப் பெயரிட்டு, முதன்மைப் பக்கத்தில் அப்பெயரைக் குறிக்க வேண்டும். புதிய பெயருக்குப் பழைய நகல் இருக்க வழியில்லை. இத்தகைய கோப்புக்கு 'மேக்ஸ்-ஏஜ்=31536000', அதாவது 365 நாள்களுக்குரிய விநாடிகள், என்று துணிந்து கொடுக்கலாம். பெயர் மாற்றாத கோப்புக்கு இதைக் கொடுத்துவிட்டால், பிறர் கைப்பேசிகளுக்குப் போய்விட்ட நகலைத் திரும்பப் பெற நம்மிடம் வழியில்லை.

3. மதிப்பெண் போன்ற தனிப்பட்ட பக்கங்களுக்கு 'நோ-ஸ்டோர்'. நகலே வைக்காதே என்பதற்கு இதுவே கட்டளை. பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினிகளில் இது இன்றியமையாதது.

ஏற்றும்போது வரிசையும் முக்கியம். முதலில் புதிய கோப்பு, பிறகு அதைச் சுட்டும் பக்கம். பழைய கோப்பைச் சில நாள் கழித்தே நீக்க வேண்டும். பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர் அதைக் கேட்கக்கூடும்.

முடிவுரை

இந்த மாற்றங்களைச் செய்தபின் எங்கள் தளத்தை முதலில் திறந்து பார்த்தது என் கணினியில் அன்று. அந்தத் தோழனின் கைப்பேசியில்தான். திருத்திய தேதி அதில் உடனே தெரிந்தது. அன்றுதான் அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். கேஷைக் கிளியர் செய்யத் தெரியாதது அவன் குற்றமில்லை. நகலின் ஆயுளைக் குறிக்காமல் விட்டது என் குற்றம். இணையதளம் அமைக்க முனையும் நண்பர்கள், ஏற்றி முடித்ததும் தம் கணினியை மட்டும் நம்பாமல், முந்தைய நாள் அதைப் பார்த்த ஒருவரின் கைப்பேசியையும் வாங்கிப் பார்ப்பார்களாக.