இல்லாத முள்ளுக்கு ஒரு பெயர்

கேள்வி: ராக்கெட்டின் வாலில் மணியைக் கவிழ்த்தாற்போன்ற நாசிலைப் படங்களில் கண்டிருக்கிறோம். ‘ஏரோஸ்பைக்’ என்று வேறொரு வகை உண்டாமே! ‘ஸ்பைக்’ என்றால் முள். ஆனால் அதன் படத்தில் முள்ளையே காணோம். இப்பெயர் எப்படி வந்தது?

பதில்: தாங்கள் முள்ளைக் காணாததில் வியப்பில்லை, அந்த முள் உலோகத்தால் ஆனதன்று, வாயுவால் ஆனது.

ஸ்வீடன் தேசத்து குஸ்டாஃப் டி லாவால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமது நீராவி டர்பைனுக்காக அமைத்த, உடுக்கையைப்போல் இடை குறுகி மறுபடி விரியும் குழலே இன்றைய ராக்கெட் நாசிலின் மூலபுருஷன். இடையில் ஒலியின் வேகத்தை எட்டும் வாயு, விரிவில் அழுத்தம் குறைந்து வேகம் பெருகி வெளியேறுகிறது. விரிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் சங்கடம். 30 கிலோமீட்டர் உயரத்தில் வாயுமண்டலத்தின் அழுத்தம் தரையில் உள்ளதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகிவிடுகிறது. அந்த உயரத்துக்கு ஏற்ற அகன்ற மணியைத் தரையில் இயக்கினால், வெளிக்காற்றின் அழுத்தம் மேலோங்கி, தாரை சுவரை விட்டுப் பிரிந்து தடுமாறும். தரைக்கு ஏற்ற குறுகிய மணியோ, மேலே சென்றதும் வாயுவை முழுதும் விரியவிடாமல் அதன் சக்தியில் ஒரு பகுதியை வீணாக்கும்.

ஆகவே, சுவரை வெளியே வைப்பதை விட்டு உள்ளே வைத்தால் என்ன என்று சிலர் யோசித்தனர். பம்பரம் போன்ற கூம்பு ஒன்றை நடுவில் நிறுத்தி, அதன் அடிப்பாகத்தைச் சுற்றியுள்ள வளையத்திலிருந்து வாயு அதன் சரிவை ஒட்டி வழியும்படி செய்தால், ஒரு பக்கத்துக்கு உலோகச் சரிவும் மறுபக்கத்துக்கு வெளிக்காற்றுமே சுவராகின்றன. காற்று கனமாயிருக்கும் தாழ்வில் அது தாரையை நெருக்கிப் பிடிக்கிறது. உயரம் ஏற ஏற, பிடி தளர்ந்து தாரை தானாகவே விரிகிறது. அசையும் உறுப்பு ஏதும் இன்றி, வாயுமண்டலமே நாசிலின் விரிவைத் திருத்தி அமைக்கும் இவ்வேற்பாட்டின் அழகை என்னவென்று சொல்வது!

ஆனால் முழுக் கூம்பு நீளமானது, கனமானது. எனவே நுனியின் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, தட்டையான அடியின் வழியே சிறிதளவு வாயுவைக் கசியவிட்டார்கள். ராக்கெட் இயந்திரத்தின் டர்பைனை இயக்கி வெளிவரும் வாயுவே இதற்குப் போதும். அவ்வாயு தாரையின் அணைப்பில் சுழன்று, வெட்டுண்ட முனையின் இடத்தில் நின்று, அடித்தளத்தை அழுத்தித் தள்ளுகிறது. இந்தக் காற்றியக்க முள்ளே ‘ஏரோடைனமிக் ஸ்பைக்’. சுருங்கி ‘ஏரோஸ்பைக்’ ஆயிற்று. இல்லாத உறுப்பின் பெயரால் முழு இயந்திரமும் வழங்குவது விசித்திரமே.

அமெரிக்காவின் ராக்கெட்டைன் நிறுவனம் 1960-களில் சாட்டர்ன் ராக்கெட்டின் ஜே-2 இயந்திரத்தை ஆதாரமாகக் கொண்டு இதனைப் பரிசோதித்தது. அந்த ஜே-2 வம்சத்துப் பாகங்களே 1990-களில் எக்ஸ்-33 என்ற சோதனை விமானத்துக்கான எக்ஸ்ஆர்எஸ்-2200 இயந்திரத்துக்கும் உதவின. அதில் கூம்பு வட்டமாக இல்லாமல், இருபுறமும் பத்துப் பத்தாக எரிகலங்கள் வரிசைகொண்ட நீள்சரிவாக இருந்தது. ஒரு பக்கத்து உந்துவிசையை ஏற்றியும் மறுபக்கத்ததை இறக்கியும் விமானத்தைத் திருப்பலாம் என்பது திட்டம். இயந்திரம் மிசிசிப்பியில் உள்ள ஸ்டெனிஸ் நிலையத்தில் எரிந்து காட்டியது. ஆனால் 1999 நவம்பரில் திரவ ஹைட்ரஜன் தொட்டி சோதனையில் பழுதுற்று, 2001 மார்ச்சில் திட்டமே கைவிடப்பட்டது. பழி தொட்டியினுடையது, தண்டனை நாசிலுக்கும் சேர்த்து.

கேள்வி: இவ்வளவு நல்லதானால் ஏன் எல்லோரும் கைக்கொள்ளவில்லை?

பதில்: அடுக்கடுக்காகப் பிரியும் ராக்கெட்டுக்கு இதன் அவசியம் குறைவு. சாட்டர்ன்-5-இன் முதல் அடுக்கில் இருந்த எஃப்-1 நாசிலின் விரிவு விகிதம் 16. மேல் அடுக்கின் ஜே-2-க்கு 27.5. உயரத்துக்கு ஒரு மணி என்று பங்கிட்டுவிட்டால் சங்கடம் பாதி தீர்ந்தது. ஒரே அடுக்கில் விண்ணேற விரும்புவோருக்கே ஏரோஸ்பைக்கின் மேல் தீராத மோகம். மேலும், குறுகிய நீள்பிளவின் வழியே தீக்கொழுந்து பாயும்போது குளிர்விக்க வேண்டிய பரப்பு மணியைவிட மிக அதிகம். அதைத் தணிப்பது பெரும்பாடு.

கேள்வி: இது எப்போதேனும் பறந்ததுண்டா?

பதில்: எக்ஸ்-33-க்கென்று செய்த சிறு மாதிரியை எஸ்ஆர்-71 விமானத்தின் முதுகில் ஏற்றி 1997, 1998-இல் பறந்தார்கள், ஆனால் ஆகாயத்தில் தீ மூட்டவில்லை. திரவ எரிபொருள் ஏரோஸ்பைக்கை மூட்டி, 2003-இல் மொஹாவி பாலைவனத்திலிருந்து மேலே அனுப்பியவர்களில் கலிபோர்னியாவின் லாங் பீச் பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தார்கள்.