சொட்டும் குழாயை நாமே சரிசெய்வோம்!



எங்கள் வீட்டுக் குழாய் மூடினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு லிட்டர் பாட்டிலை அடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் நிறைந்துவிட்டது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 12 லிட்டர், 30 நாளில் 360 லிட்டர் வீண்! எங்க தெருவில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருது. அம்மா ராத்திரி முழிச்சிருந்துதான் தொட்டியை நிரப்புவாங்க. பிளம்பர் "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லியே ஒரு வாரம் போச்சு. அதனால் நானே செய்தேன்.

காரணம்: திருகுக் குழாயின் உள்ளே ரப்பர் வாசர் இருக்கிறது. மூடும்போது தண்ணீர் வரும் துளையை அடைப்பது அதுதான். அது தேய்ந்தால் குழாய் சொட்டும்.

செய்முறை:
1. தொட்டியின் கேட் வால்வை மூடவும். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிக்கவும்.
2. குழாயின் தலைப்பகுதியை ஸ்பேனரால் இடப்பக்கம் திருகிக் கழற்றவும்.
3. பழைய வாசரைக் கடையில் காட்டி, அதே அளவில் புதுசு வாங்கி மாட்டவும்.
4. திரும்பப் பூட்டி, வால்வைத் திறக்கவும்.

எச்சரிக்கை: ஸ்பேனரைத் திருகும்போது குழாயோடு சேர்ந்து பிளாஸ்டிக் பைப்பும் சுற்றியது. உடைஞ்சிருந்தா அம்மாவிடம் அடிதான்! தம்பி குழாயை அசையாமல் பிடித்த பிறகே தலைப்பகுதி கழன்றது. இன்னொன்று, குழாயை ரொம்ப இறுக்கி மூடாதீங்க. வாசர் சீக்கிரம் தேயும்.

இப்போது பாட்டிலில் ஒரு சொட்டுகூட இல்லை!

நம் பள்ளியில் கைகழுவும் இடத்தில் மூன்றாவது குழாயும் சொட்டுகிறது. ஆசிரியர்கள் அனுமதித்தால் நான் தயார். பைப்பைப் பிடிக்க யார் வர்றீங்க?

– 9ஆம் வகுப்பு மாணவி