வீட்டிலேயே தமிழ் இலக்கணம்: புத்தகம் வாங்கும் முன் சில குறிப்புகள்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க முடிவெடுத்த பெற்றோர் கணக்கையும் அறிவியலையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். தமிழ் இலக்கணம் என்றதும் தயங்குகிறார்கள். கடையில் அடுக்கியிருக்கும் ‘எளிய இலக்கணம்’ வரிசையில் எதை எடுப்பது? பள்ளிக்குப் போகும் பிள்ளையை மாலையில் உட்கார வைத்துச் சொல்லித்தருபவர்களுக்கும் இதே கேள்விதான். காஞ்சிபுரத்துத் தறிவீடுகளையும் கடைத்தெருவையும் மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். பிள்ளையின் பேச்சில் ஏற்கெனவே இலக்கணம் இருக்கிறது. அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கத் துணைசெய்யும் புத்தகம்தான் நமக்கு வேண்டும்.

1. வயதுக்கேற்ற வரிசை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்து, ஆறு வயதில் குறிலும் நெடிலும் காதுக்குப் பிடிபட்டால் போதும். ஏழு, எட்டில் பெயர்ச்சொல், வினைச்சொல், ஒருமை, பன்மை. ஒன்பது, பத்தில் காலம், எழுவாய், பயனிலை. வேற்றுமையும் புணர்ச்சியும் அதற்குப் பிறகுதான். முதல் பக்கத்திலேயே 247 எழுத்து, முதலெழுத்து, சார்பெழுத்து என்று தொடங்கும் புத்தகம் ஆறு வயதுக்கு ஆகாது.

2. மாத்திரையைக் கையால் சொல்லிக்கொடுங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்றுதான் நன்னூலே மாத்திரையை அளக்கிறது. ‘பட்டு’, ‘பாட்டு’ இரண்டையும் சொல்லவைத்து, முதல் எழுத்துக்கு மட்டும் விரலைச் சொடுக்கச் சொல்லுங்கள். ‘ப’வுக்கு ஒரு சொடுக்கு, ‘பா’வுக்கு இரண்டு. இதற்குப் புத்தகமே வேண்டாம்.

3. கடையில் நின்றபடியே நடுவில் ஒரு பாடத்தைப் பிரித்துப் பாருங்கள். எடுத்துக்காட்டு முதலில் வருகிறதா, விதி முதலில் வருகிறதா? நான்கைந்து சொற்களைக் காட்டி, ‘இவற்றில் என்ன ஒற்றுமை?’ என்று கேட்டுவிட்டுப் பிறகு பெயரைச் சொல்லும் புத்தகத்தை எடுங்கள். பயிற்சியில் கோடிட்ட இடம் மட்டுமே இருந்தால் யோசியுங்கள்; பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியமாவது எழுத இடம் வேண்டும்.

4. புத்தகத்தின் தமிழே சரியாக இருக்கிறதா? ‘சுவற்றில்’, ‘முயற்சித்தான்’, ‘ஒரு ஊரில்’ என்று கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள். சுவரில், முயன்றான், ஓர் ஊரில் என்பவையே சரி.

5. தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய சிக்கல் விதியில் இல்லை. பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் உள்ள தொலைவில் இருக்கிறது. ‘அத்தை நெய்யுறாங்க’ என்று பேசும் பிள்ளை ‘அத்தை நெய்கிறார்’ என்று எழுதவேண்டியிருக்கிறது. இந்தத் தொலைவை ஒப்புக்கொண்டு, பேச்சு வடிவத்தையும் எழுத்து வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் புத்தகம் அரிது. கிடைக்காவிட்டால் நீங்களே நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் பிள்ளை சொன்னது, வலப்பக்கம் எழுதுவது. பேச்சைக் கொச்சை என்று திட்டாதீர்கள். திட்டு வாங்கிய பிள்ளை எழுதவே பயப்படும்.

6. வாக்கியங்களை வீட்டிலிருந்தே எடுங்கள். ஒரு வினைச்சொல் ஆறு செய்திகளைத் தரும் என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். பாடநூல்களில் இதற்குக் குயவர் குடம் வனைவதை எடுத்துக்காட்டாகத் தருவது வழக்கம். சக்கரத்தையே பார்க்காத பிள்ளைக்கு அது எதற்கு? ‘அத்தை போன வாரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து பட்டுச்சேலை நெய்தார்’ என்று எழுதிவிட்டுக் கேளுங்கள். யார் நெய்தார்? எங்கே? எப்போது? எதை? எதைக் கொண்டு? கடைசிக் கேள்விக்கு வாக்கியத்தில் விடை இல்லை. தறியோரம் வளர்ந்த பிள்ளை ‘நாடா’ என்று தானே சொல்லும். அதே வேர்ச்சொல்லை வைத்தே காலத்தையும் நடத்தலாம்: நெய்தார், நெய்கிறார், நெய்வார். பிறகு ‘நெய்த சேலை’ பெயரெச்சம், ‘நெய்து முடித்தார்’ வினையெச்சம். பாவு, ஊடை, சரிகை, முந்தி என்று தறியைச் சுற்றியுள்ள பெயர்ச்சொற்களே ஒரு மாதப் பாடத்துக்குக் காணும்.

7. ர, ற வேறுபாட்டுக்கும் தறியே உதவும். பேசும்போது பெரும்பாலோர்க்கு இரண்டும் ஒரே ஒலிதான். கண்ணால்தான் பழக்க வேண்டும். ‘சேலையில் கரை இருக்கிறது’, ‘சேலையில் கறை இருக்கிறது’ இரண்டையும் எழுதிக் காட்டுங்கள். முதலாவதற்குக் கூலி உண்டு. இரண்டாவதற்குக் கூலியில் பிடித்தம் உண்டு. நெசவாளர் வீட்டுப் பிள்ளை இதை மறக்காது. இழை, இலை, இளை மூன்றையும் இப்படியே செய்யலாம்.

8. வீட்டுமொழி வேறாக இருந்தால் அதைக் கணக்கில் கொள்ளுங்கள். காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்களும் உண்டு. தெலுங்கில் பெண்ணுக்கும் அஃறிணை ஒருமைக்கும் ஒரே வினைமுடிவு. அதனால் பிள்ளை ‘அக்கா வந்தது’ என்று எழுதக்கூடும். அது கவனக்குறைவு இல்லை, வீட்டுமொழியின் விதி. திணை, பால் பாடத்தில் அதிகப் பயிற்சி உள்ள புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மொழி வாக்கியங்களையும் சொல்லவைத்து ஒப்பிடுங்கள்.

9. ஒற்று மிகும் இடங்களுக்குக் காந்தி ரோடு போதும். பட்டுக்கடைப் பலகைகளைப் படித்தபடி நடக்கவிடுங்கள். ‘பட்டு சேலை’ என்று ஒரு பலகை, ‘பட்டுச் சேலை’ என்று இன்னொன்று. ‘பட்டு’ வன்தொடர்க் குற்றியலுகரம். அதை அடுத்துச் ‘ச்’ வரவேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த நீண்ட பெயர் தேவையில்லை. ‘ட்டு, க்கு, த்து, ப்பு, ச்சு, ற்று என்று முடிந்தால் கவனி’ என்றால் போதும்.

10. காசு செலவழிக்கும் முன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆறாம் வகுப்புத் தமிழ்நூலில் ‘கற்கண்டு’ என்ற தலைப்பில் வரும் பகுதிகள்தாம் இலக்கணம். சுட்டெழுத்து, வினா எழுத்து, மயங்கொலி, பெயர்ச்சொல் எல்லாம் அளவாக இருக்கின்றன. சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக்கல்விப் பாடங்கள் உண்டு. என் கணிப்பில், பத்து வயது வரை பெரும்பாலான வீடுகளுக்கு இவையே போதும்.

11. பெரிய நூல்கள் உங்களுக்கு, பிள்ளைக்கு அல்ல. ஆறுமுக நாவலரின் ‘இலக்கணச் சுருக்கம்’ உரைநடையில் இருப்பதால் சந்தேகம் தீர்க்க ஏற்றது. அவருடைய ‘இலக்கண வினாவிடை’ கேள்வி பதிலாக இருப்பது, நீங்கள் வாய்மொழியாகக் கேட்க வசதி. பிழையில்லாமல் எழுத அ.கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ பக்கத்தில் இருக்கட்டும். பழைய பதிப்பாக இருந்தால் எழுத்து வடிவத்தைக் கவனியுங்கள்: 1978 சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை வேறு வடிவில் இருக்கும்.

12. ‘எந்த விதிப்படி?’ என்று பிள்ளை கேட்டால் மகிழுங்கள். குமரகோட்டத்துக்குக் கூட்டிப்போய் அந்தக் கோயிலின் கதையைச் சொல்லுங்கள். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதல் சொல்லிலேயே ஒரு புலவர் தடுத்தாராம். ‘திகழ்’, ‘தச’ இரண்டும் சேர்ந்து ‘திகடச’ என்று ஆக எந்த இலக்கணத்தில் விதி இருக்கிறது என்று கேட்டாராம். மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தில் அந்த விதியைக் காட்டிய பிறகே அரங்கேற்றம் நடந்ததாம். முருகனே எடுத்துக்கொடுத்த அடி என்று நம்பியபோதும் விதியைக் கேட்டார்கள் என்பதுதான் பிள்ளைக்குப் பிடிக்கும் இடம். உங்களுக்கு விடை தெரியாத நாளில் ‘தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்’ என்று சொல்லவும் இந்தக் கதை வழிவிடும்.

13. ஆங்கில இலக்கணத்தை அதே வேளையில் நடத்தாதீர்கள். ரென் அண்ட் மார்ட்டின் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு எழுதப்பட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிவைப்பதில் பயனில்லை.

14. பிற்பாடு தேர்வு எழுதவைக்கும் எண்ணம் இருந்தால், தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தில் (என்.ஐ.ஓ.எஸ்.) பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழை ஒரு பாடமாக எடுப்பதாக இருந்தால் பன்னிரண்டு வயதிலேயே அவர்களுடைய பாடத்திட்டத்தைப் பார்த்து, உங்கள் புத்தகத்தில் விட்டுப்போன பகுதிகளைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நடத்தத் தொடங்குங்கள்.